நடுவர் மேல் கை வைத்தால்

விளையாட்டு விழா என்றதும் வெற்றிக் கோப்பையே நம் கண்முன் நிற்கிறது. ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கும் நடுவரை நாம் நினைப்பதில்லை. வாலிகண்டபுரம் போன்ற ஊர்களில் குறுவட்டப் போட்டி என்றால் அவர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்தான். கபடியில் ஒரு 'அவுட்' கொடுத்துவிட்டால் போதும், கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர்களே வரிந்து கட்டிக்கொண்டு வருகிறார்கள். பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் கோபம் அதிகம்! அவர்களில் ஒருவர் நடுவரை அடித்தே விட்டால் சட்டம் என்ன செய்யும்?

2022 மே மாதம் தில்லியில் காமன்வெல்த் போட்டிக்கான மல்யுத்தத் தேர்வு நடந்தது. 125 கிலோ பிரிவில் தோற்ற சதேந்தர் மாலிக், நடுவர் ஜக்பீர் சிங்கை அரங்கிலேயே தாக்கினார். இந்திய மல்யுத்தச் சம்மேளனம் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. ஆனால் இத்தகைய தடை வீரர்களைத்தான் கட்டுப்படுத்தும். வேடிக்கை பார்க்க வந்தவரை அது தொடாது. அவருக்கு நாட்டின் சட்டந்தான் பதில் சொல்ல வேண்டும்.

விளையாட்டில் அடிபடுவது சகஜந்தானே என்பார்கள். இருவர் பொழுதுபோக்காக வாள்வீச்சு ஆட இசைந்தால், முறைதவறாத ஆட்டத்தில் நேரும் காயம் குற்றமாகாது என்று 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமே உதாரணம் காட்டியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இதையே சொல்கிறது. ஆனால் அந்த இசைவு ஆடுகிறவர்களுடையது. நடுவர் அடிவாங்க இசைந்து வரவில்லை.

ஆகவே அவரை அடிப்பது குற்றமே. 115-ஆம் பிரிவின்படி சாதாரணக் காயத்துக்கு ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சிக்கல் என்னவென்றால், நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை இதைப் புலன்விசாரிக்க முடியாது. அடிபட்டவர் கடமையில் இருந்த அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் நிலைமை வேறு. அவர் அரசு ஊழியர். 121-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை, காவல்துறை உடனே வழக்குப் பதியலாம். ஒரே மைதானம், ஒரே அறை; ஊதியது அரசு ஆசிரியரா, உள்ளூர் முன்னாள் வீரரா என்பதைப் பொறுத்துப் பாதுகாப்பு மாறுவது நியாயமாக நமக்குத் தோன்றவில்லை.

மருத்துவர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 2008-இல் தனிச் சட்டம் வந்தது. நடுவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. பிரான்சு நாட்டில் 2006 அக்டோபரில் ஒரு சட்டம் செய்தார்கள். களத்தில் நிற்கும் நடுவர் பொதுப்பணி ஆற்றுபவராகக் கருதப்படுவார். அவரைத் தாக்கினால் தண்டனை கூடும். அவர் எங்கே சம்பளம் வாங்குகிறார் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை.

நெதர்லாந்தில் 2012 டிசம்பரில், மகனுடைய கால்பந்து அணிக்காகக் கோட்டு நடுவராக நின்ற ரிச்சர்ட் நியூவென்ஹாய்சன் ஆட்டம் முடிந்ததும் தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். பதின்வயது ஆட்டக்காரர்கள் சிலரும், அவர்களுள் ஒருவனின் தந்தையும் தண்டனை பெற்றனர். தந்தைக்கு ஆறாண்டுச் சிறை.

தனிச் சட்டம் வரும்வரை, போட்டி நடத்தும் பள்ளிகள் நடுவருக்குப் பணி ஆணையை எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. அரசு ஆசிரியரானால், அன்று அவர் கடமையில் இருந்தார் என்பதற்கு அந்தத் தாள் சான்றாகும்.