ஆணின்றிப் பெருகும் அழுக்கணவன்

"சுவாமி, முந்தநாள் ஒண்டுமில்லை. இண்டைக்குப் பாத்தால் கொழுந்து முழுக்கக் கறுப்பு. இவ்வளவும் எங்கையிருந்து வந்தது?"

இரவல் காணியில் பயற்றை நட்டிருந்த ஒரு தாய் கேட்ட கேள்வி இது. அவர் கையிலிருந்தது ஒரு சுண்டு விதை. அது போனால் மறுபடி நட ஒன்றுமில்லை. ஆகவே முறையான விடை சொல்லவேண்டும்.

அவை கூட்டமாக வந்தவையல்ல. பறந்து வந்தது ஒன்றோ இரண்டோதான். மிகுதியெல்லாம் அந்தக் கொழுந்திலேயே பிறந்தவை.

பொதுவாக ஓர் உயிர் உருவாகத் தாயின் முட்டையோடு தந்தையின் விந்து சேரவேண்டும். இதுவே கருக்கட்டல். சில உயிர்களிலோ கருக்கட்டாத முட்டையே வளர்ந்து புது உயிராகிறது. பாடநூல்கள் இதனைக் கன்னிப்பிறப்பு என்று அழைக்கும். (பெயரைக் கண்டு இது ஞானோபதேசம் என்று எண்ணவேண்டாம்; பூச்சியின் சங்கதிதான்.)

1740 இல் ஜெனீவாவில் சார்ள்ஸ் பொனே என்ற 20 வயது இளைஞர், அப்போதுதான் பிறந்த ஓர் அழுக்கணவனைத் தனியே ஒரு கொப்பில் விட்டு, கண்ணாடிப் பாத்திரத்தால் மூடி, நாள்தோறும் காவலிருந்தார். ஆணையே காணாத அந்தப் பூச்சி 95 குட்டிகளை ஈன்றது. ஆம், குட்டிகள்தான். அது முட்டையிடாமல் உயிருள்ள குட்டியாகவே போடுகிறது. தாயின் வயிற்றிலிருக்கும் மகளுக்குள் பேத்தியும் உருவாகத் தொடங்கிவிடுகிறாள். குளிர்நாடுகளில் குளிர்காலம் நெருங்கும்போது ஆண்களும் தோன்றும். எங்கள் வெப்பத்தில் பயற்றை அழுக்கணவனுக்கு அதுவும் வேண்டியதில்லை.

கணக்குப் பாருங்கள். ஒரு தாய் நாளுக்கு 5 குட்டி போட்டு, குட்டி ஒரு கிழமையில் தாயானால், ஒன்றும் சாகாதவிடத்து, இரண்டு கிழமையில் ஒன்று அறுநூறாகும்.

வேறு உயிர்களிலும் இவ்வழி உண்டு. ஆண் தேனீ கருக்கட்டாத முட்டையிலிருந்தே பிறக்கிறது என்று 1845 இல் எழுதியவர் சிலேசியாவைச் சேர்ந்த யான் ஜேர்ஸோன் என்ற குருவானவர். இராணி இறந்து புது இராணியும் உருவாகாத கூட்டில் வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிடும்; ஆண்சேர்க்கை இல்லாததால் பிறப்பதெல்லாம் ஆண். வேலைக்கு ஆளின்றிக் கூடு அழியும். எங்கள் வேலியோரக் கினிப்புல்லும் பெரும்பாலும் கருக்கட்டாத முட்டைக் கலத்திலிருந்தே விதையின் முளையத்தை உண்டாக்குகிறது. அதனால்தான் தாய்ப்புல்லின் குணம் மாறாமல் வருகிறது.

அழுக்கணவனிலும் அப்படியே: மகள் தாயின் பிரதி. மருந்தடித்துத் தப்பிய ஒன்று அந்த மருந்தைத் தாங்கக்கூடியதாக இருந்தால், அதன் பிள்ளைகளும் தாங்கும். அதே மருந்தில், அழுக்கணவனைத் தின்னும் புள்ளி வண்டும் சாகிறது. அந்த வண்டுக்கோ சோடி வேண்டும், முட்டையிடவேண்டும், புழுவாகி வளரவேண்டும். அது திரும்பி வருவதற்குள் அழுக்கணவன் கொடியை மூடிவிடும். கடன்பட்டு மருந்து வாங்கமுன் இதை யோசிக்கவேண்டும்.

ஆகவே இரண்டு நாளைக்கொருமுறை கொழுந்தையும் இலையின் அடிப்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். பிள்ளைகளின் கண் இதற்கு நல்லது. சில பூச்சிகளே இருக்கும்போது விரலால் நசுக்கலாம். கூட்டம் பிடித்த நுனியைக் கிள்ளி எரித்துவிடுங்கள். கொடியில் பரவியிருந்தால், ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீவிய சவர்க்காரத்தைக் கரைத்து, முதலில் ஒரு செடியில் தெளித்துப் பாருங்கள். மறுநாள் இலை கருகாவிட்டால் மாலையில் மற்றவற்றுக்கும் தெளிக்கலாம். பூச்சியின் உடலில் பட்டால்தான் பலன். ஆகவே இலையின் கீழ்ப்புறம் நன்றாக நனையவேண்டும். மூன்று நான்கு நாளில் திரும்பவும் பாருங்கள். ஒன்று மிஞ்சினாலும் அது தாய்தான்.

யூரியாவை அளவுக்கு மீறிப் போடாதீர்கள். மென்மையான கொழுந்து அதற்கு விருந்து. கொடியில் எறும்பு வரிசையாக ஏறினால் உடனே தேடுங்கள். அழுக்கணவன் கழிக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்பு ஏறுகிறது. அதற்குக் காவலும் இருக்கிறது.