நோய் வராத எலிகள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆறு மாதம் ஆகியும் ஒரு எலிக்குக்கூட லுகேமியா வரவில்லை, எல்லாம் கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருக்கின்றன, கைடு எதிரே வந்தால் வேறு பக்கமாகப் போய்விடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எலி நன்றாக இருக்கிறதே என்று கவலைப்படுகிற தொழில் நம்முடையது. வெளியே சொல்லிக்கொள்ளாதே.

நீ எடுத்திருக்கும் நோயின் கதையையே பார். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா, நம் வாயில் ஏபிஎல். 1957இல் நார்வேயின் ஹில்லெஸ்டாட் இதைத் தனி நோயாக எழுதி வைத்தபோது, உள்ளே ரத்தம் கசிந்து சில வாரங்களில் ஆள் போய்விடுவார். 1977இல் ஜேனட் ரௌலி, 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டிருப்பதைக் காட்டினார். அந்த ஒட்டில் பிறந்த கலப்பு மரபணு பிஎம்எல்-ஆர்ஏஆர்ஏ என்பது 1990, 91 வாக்கில் தெரிந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான், எலிக்குள் ஏற்றினால் நோய் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1997இல் பாண்டோல்ஃபி குழுவும் வேறு சிலரும் ஏற்றினார்கள். மரபணு எல்லா எலிகளிலும் இருந்தது. நோய் வந்ததோ சிலவற்றுக்குத்தான், அதுவும் பல மாதம் கழித்து. அந்தத் தாமதம்தான் அவர்களுக்குக் கிடைத்த பதில். கலப்பு மரபணு மட்டும் போதாது, செல்லுக்குள் இன்னும் ஏதாவது கெட வேண்டும். ஆகவே உன் கொழுத்த எலிகளைத் தோல்வி என்று நோட்டில் எழுதாதே. வாரம் ஒரு சொட்டு ரத்தம் எடு, வயிற்றைத் தடவி மண்ணீரலைப் பார், தேதி போடு.

அடுத்தது ஸ்லைடு. இங்கே கொஞ்சம் நிறுத்தி எழுத வேண்டும், ஏனென்றால் இதில் நானே ஏமாந்தவன்.

ஏபிஎல்லுக்கு ஷாங்காயின் வாங் ஷென்-யி குழு வைட்டமின் ஏ-யின் உறவான ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்து, 24 பேருக்கும் ரெமிஷன் வந்ததை 1988இல் வெளியிட்டது. புற்றுச் செல்லைக் கொல்லாமல் முதிர வைக்கிற மருந்து. ஆனால் அதை மட்டும் கொடுத்தால் பெரும்பாலோருக்கு நோய் திரும்பியது. ஏபிஎல்லுக்கு ஒரு அபூர்வமான சகோதரனும் உண்டு. அதில் 17ஆம் குரோமோசோமுக்கு ஜோடி 15 அல்ல, 11. கலப்பு மரபணு பிஎல்இசட்எஃப்-ஆர்ஏஆர்ஏ. இந்த நோயாளிகளுக்கு ரெட்டினாயிக் அமிலம் சரியாக வேலை செய்வதில்லை. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதை ஜோடி மரபணுவே தீர்மானிக்கிறது. நாம் பெரிய வார்த்தையில் துல்லிய மருத்துவம் என்பது இதைத்தான்.

இந்த இரண்டாவது மரபணு ஏற்றிய எலிகளுக்கு நான் மருந்து கொடுத்தேன். பத்து நாளில் எலும்பு மஜ்ஜை ஸ்லைடைப் பார்த்தால், மொத்தையான உட்கரு உடைய செல்களின் இடத்தில் வளைந்து மடிந்த உட்கருவோடு அழகழகான நியூட்ரோஃபில்கள். லேப் மீட்டிங்கில் படம் போட்டு, எல்லாருக்கும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து எலிகள் ரோமம் சிலிர்த்து மூலையில் கூனிக் குறுகி உட்கார்ந்தன. செல்கள் முதிர்ந்தது உண்மை. நோயை விதைக்கிற செல்கள் சாகவில்லை. ஹியூக் டி தே குழு 2008இல் இதையே ஒழுங்காகச் செய்து காட்டியது: செல் முதிர்வதும் நோயின் வேர் அறுவதும் வேறு வேறு. சிகிச்சைக்குப் பின் மிஞ்சிய செல்லை இன்னொரு எலிக்கு மாற்றிப் பார்த்தால்தான் அது தெரியும். என் படங்கள் இன்னும் டிராயரில் கிடக்கின்றன. அழகு குறையவில்லை.

ஏபிஎல்லின் இன்னொரு மருந்தான ஆர்செனிக்கின் கதை உனக்குத் தெரிந்ததுதான். ரெட்டினாயிக் அமிலத்தோடு அதையும் சேர்த்தால் பலன் கூடுமா என்று செல் கல்ச்சரில் ஒருவருக்கொருவர் முரண்பட்டுக்கொண்டிருந்தார்கள். 1999இல் எலியில் பார்த்தபோது, தனித்தனியாகக் கொடுத்தால் ஆயுள் இரண்டு மூன்று மடங்குதான் நீண்டது; சேர்த்துக் கொடுத்தவை ஒன்பது மாதமாகியும் நோயில்லாமல் இருந்தன. 2013இல் லோ-கோகோ குழு, அபாயம் குறைந்த நோயாளிகளிடம் கீமோவே இல்லாமல் இந்த ஜோடியைக் கொடுத்து, இரண்டாண்டு முடிவில் 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமலும் வேறு விபரீதமில்லாமலும் இருப்பதைக் காட்டியது. நடுவில் பதினாலு வருஷம். அவசரப்படுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்.

வேலூர் சிஎம்சியையும் மறக்காதே. 1998 முதல் 2004 வரை புதிதாக வந்த 72 பேருக்கு ஆர்செனிக் மட்டும் முதன்மையாகக் கொடுத்தார்கள். 86 சதவீதத்துக்கு ரெமிஷன் வந்தது. துல்லிய மருத்துவம் என்றாலே லட்சக்கணக்கில் செலவு என்று யாராவது பேசினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வார்டுதான்.

இன்னொன்று. ஜெனோடைப்பிங்கை வேறு யாரிடமும் விடாதே. காதில் துளையிட்டு, பிசிஆர் போட்டு, ஜெல்லில் பேண்ட் தெரிகிற வரைக்கும் உன் கையே இருக்கட்டும். மரபணு இல்லாத உடன்பிறப்புகளை, இடம் போதவில்லை என்று தள்ளிவிடாதே. மண்ணீரல் வீங்கியதா, பொதுவாகவே வயதானதா என்று உனக்குச் சொல்லப்போவது அவைதான்.

14ஆம் கூண்டில் ஒன்று சற்று மெலிந்திருக்கிறது என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, அதன் ரத்தத்தை நாளைக்கே ஸ்மியர் போட்டுப் பார். படம் எடுத்து அனுப்பு. டீ மட்டும் இப்போது வாங்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்