ஒற்றைத் தலைவலி: மாத்திரைக்கும் கணக்கு வையுங்க

செமஸ்டர் நெருங்கினா பலருக்குத் தலையில் ஒரு பக்கம் மட்டும் விண்ணு விண்ணுனு தெறிக்கும். குமட்டும், வெளிச்சம் பட்டாலே கண் கூசும். அதுதான் மைக்ரேன். ரத்தக் குழாய் விரிவதே காரணம் என்று முன்பு நினைத்தார்கள். ஆனால் குழாயை விரிப்பதே நரம்புதான்: ட்ரைஜெமினல் நரம்பு வெளியிடும் சிஜிஆர்பி என்ற பொருள் மூளை உறையின் குழாய்களை விரித்து, வலியையும் கூட்டுகிறது.

காலை டிபனை விடுறது, விடிய விடிய முழிக்கிறது ரெண்டும் இதைக் கிளப்பும். மாத்திரையை வலி தொடங்கும்போதே போடணும்; முற்றினால் இரைப்பை மந்தமாகி மருந்து ஏறத் தாமதமாகும். அதுக்காக அடிக்கடி போடாதீங்க. பாராசிட்டமால் மாதம் 15 நாள், காஃபின் கலந்தது 10 நாள் என்று 3 மாதத்துக்கு மேல் ஓடினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். போட்ட தேதிகளை மொபைலில் குறித்து டாக்டரிடம் காட்டுங்க.

திடீரென இடி விழுந்த மாதிரி வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி வந்தால் மாத்திரையைத் தேடாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.