"சாரி" சொன்னால் சரியாகுமா?



இந்த மாதப் பாடத்துக்கு ஒரேயொரு இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துக்கொள்வோம். பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்தாலும் சொல்லுகிறோம், ஆராதனைக்குப் பிந்தி வந்தாலும் சொல்லுகிறோம். பள்ளிக்கூடம் போகாத பாட்டிமார்கூடச் சொல்லுகிறார்கள். அதுதான் "சாரி".

என் தகப்பனார் மரித்த சமயம், ஆபீஸில் மேலதிகாரி ஒருவர் என் கையைப் பிடித்து, "ஐ ஆம் சாரி" என்றார். நானோ, "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டேன்! இவர் என்ன தப்பு செய்தார், என்னிடத்தில் ஏன் மன்னிப்புக் கேட்கிறார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

1. வார்த்தையின் வேர்

தொண்டைப் புண்ணை டாக்டர் "சோர் த்ரோட்" என்கிறாரே, அந்த "சோர்" என்ற வார்த்தையும் "சாரி"யும் ஒரே வேரில் பிறந்தவை. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பழைய இங்கிலீஷில் அந்த வேருக்கு வலி, புண் என்று அர்த்தம். ஆகவே "ஐ ஆம் சாரி" என்றால் முதலாவது, "என் உள்ளம் வலிக்கிறது" என்பதே. அந்த அதிகாரி மன்னிப்புக் கேட்கவில்லை. என் துக்கத்தில் தனக்கும் வலிக்கிறது என்றார்.

1611-ல் வெளியான இங்கிலீஷ் வேதாகமத்தில் சங்கீதம் 38:18-ல் இந்த வார்த்தை இருக்கிறது. நம்முடைய தமிழ் வேதத்தில் அதே இடத்தில் "விசாரப்படுகிறேன்" என்று வாசிக்கிறோம். பாவத்தைக் குறித்து உள்ளம் நோகிறவன் சொல்லும் வார்த்தை அது.

"அப்பாலஜி" என்ற வார்த்தையோ வேறு. "அப்போலோகியா" என்னும் கிரேக்க வார்த்தைக்குத் தன் பட்சத்தில் சொல்லும் நியாயம் என்று அர்த்தம். அப்போஸ்தலர் 22:1-ல் பவுல் ஜனங்களுக்கு முன் தம் நியாயத்தைச் சொல்லத் தொடங்குகையில் வருவது இந்த வார்த்தைதான். நம்மில் அநேகர் வாயினால் "சாரி" சொல்லிக்கொண்டே வாதாடத்தான் செய்கிறோம்!

2. அன்றாடப் பேச்சில்

* பிறர் சொன்னது காதில் விழாவிட்டால், "சாரி?" என்று கேள்வியாக இழுப்பார்கள். "என்ன சொன்னீங்க?" என்று அர்த்தம்.
* "சாரி, இடமில்லை" என்றால் மரியாதையாக மறுப்பது.
* "சாரி ஸ்டேட்" என்றால் பரிதாபமான நிலைமை.
* தப்பு செய்தவன் சொன்னால் மன்னிப்புக் கேட்பது. நாம் அதிகமாகப் புழங்குவது இதைத்தான்.

3. சாரியைக் கெடுக்கும் இரண்டு வார்த்தைகள்

ஒன்று "இஃப்", மற்றொன்று "பட்". "உங்க மனசு புண்பட்டிருந்தா சாரி" என்பதில் தப்பை ஒத்துக்கொள்ளவே இல்லை. "சாரி, ஆனா நீயும்தானே பேசினே" என்பதில் தப்பைப் பாதி திருப்பிக் கொடுத்தாயிற்று.

சவுல் ராஜா பாவஞ்செய்தேன் என்று ஒத்துக்கொண்டான். ஆனாலும் ஜனங்களுக்குப் பயந்தேன் என்று காரணம் சொன்னான். மூப்பருக்கு முன்பாகத் தன் கனத்தையும் காத்துக்கொள்ளப் பார்த்தான் (1 சாமுவேல் 15). சகேயுவோ, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான் (லூக்கா 19). வலித்தவன் கணக்கைத் தீர்க்கப் பார்ப்பான்.

4. என் காரியம்

பிறருக்குப் போதித்துவிட்டு நான் தப்பிக்கக் கூடாது. என் வேதாகமக் கல்லூரிப் படிப்புக்காக என் அக்கா தன் செயினை அடகு வைத்துக் கொடுத்தாள். மீட்டுத் தருவதாகச் சொன்ன நான் நாள் கடத்தினேன். செயின் ஏலத்துக்குப் போயிற்று. "சாரிக்கா" என்றேன். "பரவாயில்லடா தம்பி" என்றாள். அத்தோடு முடிந்ததென்று வருஷக்கணக்காய் இருந்துவிட்டேன்.

இந்தப் பாடத்தை ஆயத்தம் பண்ணுகையில்தான் என் சாரியில் வலியே இல்லை என்று உணர்ந்தேன். அவள் வீட்டுக்குப் போய், "அக்கா, உன் நகை போனது என் தப்பு. என்னை மன்னிச்சிரு" என்றேன். "மன்னிச்சிரு" என்பதைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை. சாரி எத்தனை சுலபமாய் வந்தது! அவள் ஒன்றும் பேசாமல் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது மாதாமாதம் ஒரு தொகை கொடுத்து வருகிறேன். இன்னும் தீரவில்லை.

பிரியமானவர்களே, "சாரி" சொல்லி நாம் மறந்துபோன யாராவது உண்டா? இந்த வாரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போவோம். காரணம் சொல்லாமல், நடந்த தப்பைப் பெயர் சொல்லி, நம் சொந்தத் தமிழில் மன்னிப்புக் கேட்போம். கொடுக்க வேண்டியது இருந்தால் கையோடு கொண்டுபோவோம்.