ஐயம்பேட்டையிலிருந்து ஐயம்பேட்டைக்கு, பாசஞ்சரில்

எங்கள் ஐயம்பேட்டையில் ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருக்கிற நெசவு ஊர். ரயில் ஏற வாலாஜாபாத் போக வேண்டும். ஸ்டேஷன் உள்ள ஐயம்பேட்டை தஞ்சாவூர்ப் பக்கம், பாபநாசம் தாண்டி இருக்கிறது. டிக்கெட் ஆப்பில் ஊர்ப் பெயரைத் தட்டினால் வந்து நிற்பது அதுதான். வருகிறதே, போய்த்தான் பார்ப்போமே என்று தொடங்கியது எனக்கு மெதுவண்டிப் பழக்கம். சுமார் 300 கிலோமீட்டர். ரிசர்வேஷன் இல்லாமல், எக்ஸ்பிரஸில் கால் வைக்காமல், டிக்கெட்டுக்கு நூறு ரூபாய்கூட ஆகாமல் போய்ச் சேரலாம்.

ஜப்பானில் 'செய்ஷுன் 18' என்று ஒரு சீட்டு 1982 முதல் விற்கிறார்கள். அது கையில் இருந்தால் நாடு முழுக்க லோக்கல் வண்டிகளில் எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஜெர்மனியில் 2022 கோடையில் மூன்று மாதம் அப்படி ஒரு சீட்டை மாதத்துக்கு 9 யூரோ என்று விற்றார்கள். 2023 மே முதல் 49 யூரோ மாதப் பாஸ் ஆக்கினார்கள், பிறகு அதன் விலையும் ஏறியது. நம் ஊரில் அப்படி ஊர் சுற்றும் பாஸ் எதுவும் இல்லையே என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. அவர்கள் பாஸில் கொடுக்கும் தள்ளுபடியை நம் ரயில்வே வண்டியிலேயே வைத்திருக்கிறது. எந்த வண்டியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் வேலை.

அது தெரிய வண்டி எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 4 என்றால் சென்னைப் புறநகர் மின்வண்டி, 5 பாசஞ்சர், 6 மெமு, 7 டெமு. இவற்றில் பொதுவாகச் சாதாரணக் கட்டணம்; குறைந்தது புறநகர் வண்டியில் 5 ரூபாய், மற்றவற்றில் 10 ரூபாய். 1, 2 என்று தொடங்கினால் எக்ஸ்பிரஸ் கட்டணம். பெட்டியைப் பார்த்து ஏமாறக் கூடாது. எங்கள் வாலாஜாபாத் வழியாகப் போகும் திருப்பதி – புதுச்சேரி வண்டி பார்க்க மெமுதான். எண் 1-ல் தொடங்குகிறது, பெயர் எக்ஸ்பிரஸ். சாதாரண டிக்கெட்டோடு அதில் ஏறினால் வித்தியாசத்தோடு அபராதமும் கட்ட வேண்டிவரும். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்களையெல்லாம் 'ஸ்பெஷல்' ஆக்கி, பக்கத்து ஊருக்குப் போகவும் 30 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. அந்தச் சில வருஷங்களில் பாசஞ்சரை விட்டுப் பஸ்ஸுக்குப் போனவர்கள் பலர் இன்னும் திரும்பி வரவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்தது சீசன். எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவிலும், 150 கிலோமீட்டர் வரைக்கும் எடுக்கலாம். மாதச் சீசன் விலை ஏறக்குறைய பதினைந்து தடவை போகும் கட்டணம். மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் 2.7 மாத விலைதான். நடுவில் எங்கே வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். என்னுடையது வாலாஜாபாத் – மாம்பலம், பட்டுக்கடை வேலைக்காக எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை அதே சீசனில் செங்கல்பட்டு வரை வந்துவிட்டால், அங்கிருந்து தெற்கே போக மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். பலர் சீசனை வேலை நாளோடு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

முழு தூரத்துக்கும் ஒரே டிக்கெட்டா, துண்டு துண்டாகவா? ஒரே டிக்கெட்டில் ஐந்து பத்து ரூபாய் மிச்சமாகும். ஆனால் 500 கிலோமீட்டருக்கு உட்பட்ட டிக்கெட்டில் வழியில் தங்கிப் போக அனுமதி இல்லை. நான் தங்கியாக வேண்டும். விடிகாலையில் கிளம்பி செங்கல்பட்டு, விழுப்புரம் என்று மாறி மாறிப் போனால் மயிலாடுதுறைக்கே பொழுது சாய்ந்துவிடும். அங்கே ராத்திரி தங்கி மறுநாள் காலை வண்டியைப் பிடிப்பதுதான் உடம்புக்கு நல்லது. அதனால் துண்டு துண்டாகத்தான் எடுக்கிறேன். இதில் ஒரு விஷயம்: 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட டிக்கெட்டை முன்கூட்டி வாங்க முடியாது; வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அதற்குப் பிறகுதான் முதல் வண்டி என்றால் அந்த வண்டியில் கிளம்பிவிட வேண்டும். எல்லாத் துண்டையும் காலையிலேயே வாலாஜாபாத்தில் வாங்கி அடுக்கிக்கொள்ள நினைக்காதீர்கள்.

புறநகர் மின்வண்டியில் கழிப்பறை கிடையாது. வயதானவர்களை அழைத்துப் போனால் இது ஒன்றே பயணத்தைத் தீர்மானித்துவிடும். பெரியவர்களைச் செங்கல்பட்டில் இறங்கியதும் முதலில் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு, பிறகு டிக்கெட்டுக்குப் போங்கள். விழுப்புரம் போகும் மெமுவில் கழிப்பறை உண்டு. காலையில் தெற்கே போகும்போது வெயில் இடது பக்கம். வலது ஜன்னலைப் பிடியுங்கள்.

சாப்பாட்டுக்குக் கோயில் இட்லி கட்டிக்கொள்கிறேன். மிளகு, சீரகம், சுக்கு தட்டிப் போட்டு, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்தது மறுநாளும் கெடாது. துண்டு போட்டு இலையில் சுற்றி, மிளகாய்ப்பொடியை எண்ணெயில் குழைத்து அதன் மேலேயே தடவிவிட்டால் கிண்ணமும் வேண்டாம், கை கழுவத் தண்ணீர் தேடவும் வேண்டாம். வெள்ளரிப் பிஞ்சு, கொய்யா, சுண்டல் எல்லாம் வண்டியிலேயே வரும்.

விழுப்புரம் தாண்டினால் ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்காகக் கிராசிங் போட்டு நிறுத்திவிடுவார்கள். பரங்கிப்பேட்டையில் ஒரு தடவை அப்படி நின்றபோது, பக்கத்தில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"எவ்வளவு நேரம்மா நிக்கும்?"

"எக்ஸ்பிரஸ் போனாத்தான் தம்பி நமக்குச் சிக்னல். எறங்கி டீ குடிச்சிட்டு வா, வண்டி எங்கயும் போவாது. வரும்போது எனக்கும் ஒண்ணு வாங்கியா."

கால அட்டவணையைவிட இந்த மாதிரி ஆட்களை நம்பலாம். ஆனால் இரண்டு வண்டிக்கு நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வைத்துத் திட்டம் போடுங்கள். அரை மணி நேர இடைவெளி காகிதத்தில்தான் நன்றாக இருக்கும்.

சிதம்பரம் கழிந்து கொள்ளிடம் பாலம், மயிலாடுதுறை, கும்பகோணம், பாபநாசம். அந்த ஐயம்பேட்டையில் இறங்கி, ஆட்டோவில் பசுபதிகோயில் பக்கம் இருக்கிற புள்ளமங்கை போனேன். முதலாம் பராந்தகன் காலத்துச் சிவன் கோயில், பத்தாம் நூற்றாண்டு. அடித்தளத்தில் உள்ளங்கை அளவுக் கட்டங்களில் ராமாயணத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். சேலைக் கரையில் அடுத்தடுத்து உரு விழுவது போல வரிசையாக ஓடுகிறது. குனிந்து, கிட்டத்தட்டத் தரையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். வடக்குச் சுவரில் எருமைத் தலை மேல் நிற்கும் துர்க்கையை விட்டு நகரவே மனம் வராது. மதியம் நடை சாத்திவிடுவார்கள். மயிலாடுதுறையில் தங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

திரும்பும்போது கவலை கடைசித் துண்டில்தான். செங்கல்பட்டிலிருந்து எங்கள் பக்கம் வரும் வண்டிகள் குறைவு. தவறிவிட்டால் ஸ்டேஷனுக்கு வெளியே வந்து காஞ்சிபுரம் பஸ் ஏறிவிடுங்கள். அதற்கென்று ஒரு ஐம்பது ரூபாயைத் தனியாக வையுங்கள். பஸ்ஸில் இன்னொரு லாபம்: ஐயம்பேட்டை என்றால் கண்டக்டர் "எந்த ஐயம்பேட்டை" என்று கேட்க மாட்டார்.