லப்டொப்போடு காணி உறுதியையும் விற்றுவிடாதீர்கள்

யாழ்ப்பாணத்து வீடொன்றில் லப்டொப் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பது அபூர்வம். தங்கையின் ஏ.எல். வினாத்தாள்கள், அப்பாவின் ஓய்வூதியக் கடிதம், கனடாவுக்கு ஸ்பொன்சர் போட ஸ்கான் எடுத்த பிறப்புச் சான்றிதழ்கள், பாரிஸ் சித்தப்பாவின் கடவுச்சீட்டு, பங்கு பிரித்தபோது எடுத்த காணி உறுதியின் படம் எல்லாம் ஒரே டவுன்லோட்ஸ் கோப்புறைக்குள் கிடக்கும். விற்கிறவரோ தன் போட்டோக்களை மட்டும் அழித்துவிட்டு விலை பேசப் போய்விடுவார்.

கடையில் கொடுத்து "ஃபோர்மற் அடிச்சுத் தாங்கோ" என்று கேட்டாலும் நிலைமை பெரிதாக மாறாது. பெரும்பாலும் அடிக்கப்படுவது விரைவு ஃபோர்மற். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் அதில் போகும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகள் அப்படியே இருக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே அவற்றில் பலவற்றைத் திருப்பி எடுத்துவிடும். எம்.ஐ.டி.யில் படித்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். இயங்கிய 129 டிஸ்க்குகளில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே.

முதல் வேலை, வேண்டியதை வெளியே எடுப்பது. ஒரு வெளி டிஸ்க்கில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, அதை இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். நம் ஊரில் இந்தச் சோதனைக்குத் தனிக் காரணம் உண்டு: பாமினி. பாமினியில் தட்டிய வேர்ட் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். ஆகவே விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியையும், நீங்கள் பாவிக்கும் மற்றப் பழைய எழுத்துருக்களையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். நேரமிருந்தால் முக்கியமான கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது. பழைய ஊர்ச் சஞ்சிகை, கோயில் மலர் என்று ஸ்கான்கள் ஏதும் கண்ணில் பட்டால் அழிக்குமுன் நூலக நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 2005இலிருந்து அவர்கள் சேர்த்துவருவது இவற்றைத்தான்.

அடுத்தது கணக்குகள். வாட்ஸ்அப்பையும் வைபரையும் கைபேசியிலிருந்தே பார்த்து, இணைத்த கருவிகள் பட்டியலில் அந்த லப்டொப்பை நீக்குங்கள். குரோமிலிருந்து வெளியேறுங்கள். செட்டிங்ஸில் அக்டிவேஷன் பகுதிக்குப் போய் விண்டோஸ் முறைப்படி இயங்குகிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் 8 காலம் தொட்டு, விண்டோஸோடு வந்த லப்டொப்களில் உரிமத் திறவுகோல் பயாஸுக்குள்ளேயே பதிந்திருக்கும். திரும்ப நிறுவும்போது விண்டோஸ் அதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால், யாராவது 'கிராக்' போட்டுத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்றுவிடலாம்.

இனித் துடைப்பு. டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பகுதியைத் திறந்தால் உங்களுடையது எச்.டி.டி. எனும் ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா என்று தெரியும். எஸ்.எஸ்.டி. என்றால் முதலில் பிட்லொக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷனைப் போட்டு, அது முடியும்வரை பொறுத்திருங்கள். பிறகு மிச்சமாக ஏதும் கிடந்தாலும் அதில் பெரும்பகுதியைச் சாவி இல்லாமல் வாசிக்க முடியாது. எச்.டி.டி.க்கு ஒருமுறை முழுவதும் மேலெழுதினால் போதும். ஏழு தடவை எழுத வேண்டும் என்பது பழங்கதை.

இரண்டு வகைக்கும் துடைப்பை விண்டோஸைக் கொண்டே செய்யலாம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி என்று போய் 'ரீசெட் திஸ் பிசி'யை அழுத்துங்கள். விண்டோஸ் 10இல் இதே ரிகவரி, 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி'க்குள் இருக்கும். 'ரிமூவ் எவ்ரிதிங்' தெரிவுசெய்யுங்கள். கிளவுட் டவுன்லோட் 4 ஜி.பி.க்கு மேல் டேட்டா தின்னும்; சிம் டேட்டாவில் இருப்பவர்கள் 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' எடுக்கலாம். அடுத்த திரையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அங்கே 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து 'கிளீன் டேட்டா'வை 'யெஸ்' ஆக்க வேண்டும். அதைவிட முக்கியம், எல்லா டிரைவ்களிலும் அழிக்கவா என்ற கேள்வி. கடைகளில் டிஸ்க்கை சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம், போட்டோ எல்லாம் டி-யில்தான் இருக்கும். அதற்கும் 'யெஸ்' சொல்லுங்கள். சொல்லுமுன் பிரதி எடுத்த வெளி டிஸ்க்கையும் பென் டிரைவையும் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள். கழற்ற மறந்தால் அவையும் போய்விடக்கூடும்.

1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கை முழுதாகத் துடைக்க மூன்று மணித்தியாலமாவது செல்லும். சார்ஜரைச் செருகியே வையுங்கள். பழைய லப்டொப்பின் பட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது என்றால், மின்வெட்டு அறிவித்த நாளில் தொடங்காதீர்கள்.

பிரான்சிலிருந்து வந்த லப்டொப்புக்கு மட்டும் வேறு வழி. லோக்கல் ரீஇன்ஸ்டாலுக்குப் பிறகும் விண்டோஸ் பிரெஞ்சிலேயே நிற்கும். மேலே சொன்ன துடைப்பை முடித்துவிட்டு, இன்னொரு கணினியில் மைக்ரோசொப்டின் மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜி.பி. பென் டிரைவில் ஆங்கில விண்டோஸை ஏற்றி, அதிலிருந்து நிறுவுங்கள். விசைப்பலகையில் ஏ-யும் கியூ-வும் இடம் மாறியிருப்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. வாங்குகிறவர் வாசலில் வைத்துக் கண்டுபிடித்தால் விலை இறங்கும்.

இன்ரெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய லப்டொப்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அப்படியானவற்றில் லினக்ஸ் மின்ற் போட்டுக் கொடுக்கலாம். படிக்கிற பிள்ளைக்குத் தட்டச்சுக்கும் யூடியூப்புக்கும் அது தாராளம்.

விண்டோஸ் திரும்ப நிறுவப்பட்டு, நாட்டைத் தெரிவுசெய்யச் சொல்லும் திரை வந்ததும் நிறுத்துங்கள். உங்கள் பெயரில் கணக்குத் திறக்க வேண்டாம். பவர் பொத்தானை அழுத்தி மூடுங்கள். வாங்கினவர் தொடங்கட்டும். காசு கைக்கு வந்ததும் மைக்ரோசொப்ட் கணக்கின் கருவிகள் பட்டியலில் அந்த லப்டொப்பை நீக்குங்கள். அடியில் ஒட்டியிருக்கும் தொடரிலக்கம், விற்ற திகதி, விலை மூன்றையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பம் இட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.