பங்காரஸ் பேரினமும் அதன் பெயரும்

தமிழில் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன் ஆகிய மூன்று பாம்புகளுக்கும் விரியன் என்னும் பெயர் வழங்குகிறது. இவற்றுள் முதலிரண்டே விரியன் குடும்பத்தைச் சேர்ந்தவை. கட்டுவிரியன் நல்லபாம்பின் உறவாகும். அது எலாப்பிடே என்னும் குடும்பத்துள் பங்காரஸ் என்ற பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது. பெயரொற்றுமையால் இவ்வேற்றுமை மறக்கப்படின் உயிருக்கே கேடு நேரலாம்.

பங்காரஸ் என்னும் சொல் தெலுங்கு நாட்டிலிருந்து சென்றதாகும். விசாகப்பட்டினத்தில் வாழ்ந்த ஸ்காட்லாந்து மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையில் திரட்டிய பாம்புகளைப் பற்றி 1796-இல் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். ஊரார் வழங்கிய பெயர்களை அவர் அதில் குறித்து வைத்தமை பாராட்டத்தக்கது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள் கொண்ட பாம்பொன்று அதில் 'பங்காரும் பாமு' எனப்பட்டது. தெலுங்கில் பங்காரம் என்பது பொன். பாமு என்பது பாம்பு. ஜெர்மானிய அறிஞர் ஷ்னைடர் 1801-இல் இதனையும் கட்டுவிரியனையும் ஸூடோபோவா என்னும் பேரினத்தில் சேர்த்தார். 1803-இல் பிரெஞ்சு அறிஞர் தோதேன் அத்தெலுங்குச் சொல்லுக்கு லத்தீன் விகுதி கொடுத்துப் புதிய பேரினப் பெயராக்கினார்.

கட்டுவிரியனின் முழுப் பெயர் பங்காரஸ் சேருலியஸ் (ஷ்னைடர், 1801) என்று எழுதப்படும். சேருலியஸ் என்றால் நீலநிறமுடையது என்பது பொருள். ஷ்னைடர் இட்ட வடிவம் சேருலியா. புதிய பேரினப் பெயர் ஆண்பாலாதலின் விகுதி மாறிற்று. ஆசிரியர் பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்பது, அவர் இப்பாம்பை முதலில் வேறொரு பேரினத்தில் வைத்தார் என்பதற்கு அடையாளம். ஆதலால் அக்குறியை நீக்கி எழுதுதல் பிழையாகும்.

களப்பணியாளர் பதிவேட்டில் 'விரியன் கடி' என்று மட்டும் எழுதுதல் போதாது. கண்ணாடிவிரியன் கடித்த இடம் வலித்து வீங்கும். இரத்தம் உறையும் தன்மை கெடும். கட்டுவிரியனோ பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கிறது. வலியும் வீக்கமும் மிகக் குறைவு, பற்குறிகூடப் புலப்படாதிருக்கலாம். விடியலில் வயிற்றுவலி என்று எழுபவருக்குச் சில மணி நேரத்தில் இமைகள் தாழ்ந்து, விழுங்குதல் அரிதாகி, மூச்சுத் தசைகள் செயலிழக்கக்கூடும். வீக்கமில்லையே என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். இந்தியாவில் வழங்கும் நச்சு முறிமருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிற்கும் பொதுவாதலின், பாம்பைத் தேடிப் பொழுது போக்க வேண்டுவதில்லை.

பள்ளியில் பதனிட்ட மாதிரி இருப்பின் ஆசிரியர் அதன் முதுகைக் காட்டலாம். கட்டுவிரியனில் முதுகின் நடுவரிசைச் செதில்கள் ஏனையவற்றினும் பெரியவை, அறுகோண வடிவின. அதனைப் போன்றே வெண்பட்டைகள் கொண்ட நஞ்சற்ற ஓநாய்ப்பாம்பில் அவ்வரிசை பெரிதாக இராது.